போன்ஷூர் சொல்லிவிட்டு உள்ளே போங்கள்!

பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலிலிருந்து கார் து லெஸ்ட் ரயில் நிலையத்துக்கு நடந்தே போய்விடலாம். லாச்சப்பல் கடையொன்றில் இடியப்பமும் சம்பலும் கட்டி வாங்கிக்கொண்டு கிளம்பினால், பொதியின் சூடு ஆறுமுன் ரயிலில் உட்கார்ந்துவிடலாம். அதிவேக ரயில் 45 நிமிடத்தில் ரேன்ஸ் நகரில் இறக்கிவிடும். ஷாம்பெயின் பிறக்கும் மண் அது. இந்த 45 நிமிடப் பயணத்துக்கு எனக்குத் தெரிந்த யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவருக்குப் பிடித்த காலம் 19 ஆண்டுகள்.

அவர் பாரிஸில் ஓர் உணவகத்தின் பின்கட்டில் கோப்பை கழுவத் தொடங்கியவர். மெல்லிய காம்பு வைத்த ஷாம்பெயின் கோப்பைகளை ஆயிரக்கணக்கில் கழுவி, துடைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கறை இல்லை என்று கண்ட பிறகே அடுக்கி வைத்த கை அவருடையது. அந்தக் கோப்பைகள் போகும் பக்கம், வெள்ளை விரிப்பு போட்ட மேசைப் பக்கம், அவர் ஒருநாளும் போய் உட்கார்ந்ததில்லை. திருமணமாகி இருபத்தைந்தாம் ஆண்டு வந்தது. "அக்காவைக் கூட்டிக்கொண்டு ரேன்ஸுக்குப் போய் நல்ல ஹோட்டலில் இரண்டு இரவு தங்கிவிட்டு வாங்கோ அண்ணை" என்றேன். அவர் சிரித்தார். "உதெல்லாம் எங்களுக்குச் சரிவராது தம்பி."

யார் சொன்னது? சரிவராது என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது? எந்த ஹோட்டல் வாசலில் உங்கள் பெயர் போட்டு அனுமதி இல்லை என்று பலகை மாட்டியிருக்கிறார்கள்? அந்தப் பலகையைச் செய்தது நாம். மாட்டியதும் நாம். அதைத் தினமும் துடைத்து மினுக்கி வைத்திருப்பதும் நாமே!

நண்பரே, உங்களையும் எனக்குத் தெரியும். இரவு பதினொரு மணிக்கு, வீடு அடங்கிய பிறகு, ஃபிரான்ஸின் அரண்மனை ஹோட்டல் படங்களைக் கைபேசியில் பார்க்கிறீர்கள். திராட்சைத் தோட்டத்தைப் பார்த்த பால்கனி, மேசையில் இரண்டு கோப்பை. துணைவி எட்டிப் பார்த்ததும் "சும்மா பார்த்தேன்" என்று மூடிவிடுகிறீர்கள். கையில் பணம் இல்லை என்றால் அந்த முடிவை மதிக்கிறேன். கடன் வாங்கிக் காதல் பயணம் போகச் சொல்லும் ஆள் நானில்லை. ஆனால் மகன் படிப்பு முடிந்தது, வீட்டுக் கடன் முடிந்தது, வங்கியில் பணமும் இருக்கிறது. அப்புறமும் மூடுகிறீர்களே, அதற்குப் பெயர் சிக்கனமில்லை. கூச்சம்.

அந்தக் கூச்சத்துக்கு மருந்தாக ரேன்ஸில் பிறந்த ஒரு பெண்ணின் கதையைச் சொல்கிறேன்.

பார்ப்-நிக்கோல் போன்சார்தென் பிறந்தது 1777இல். ஃபிரான்சுவா கிளிக்கோ என்பவரை மணந்தார். 1805இல் கணவர் இறந்தபோது அவருக்கு வயது 27. கையில் சிறு பெண் குழந்தை. மாமனார் தொடங்கிய ஒயின் வியாபாரம் தள்ளாடிக்கொண்டிருந்தது. நெப்போலியன் காலத்துச் சட்டப்படி மனைவியாக இருந்தால் எதற்கும் கணவன் அனுமதி வேண்டும். கைம்பெண்ணுக்கோ தன் பெயரில் தொழில் நடத்த வழி இருந்தது. இருந்த அந்த ஒரே சந்து வழியாக அவர் நுழைந்தார். மாமனாரிடம் முதல் கேட்டார். போர்க்காலம், துறைமுகங்கள் அடைத்துக் கிடந்தன, ருஷ்யச் சந்தை பூட்டியிருந்தது. புட்டிக்குள் ஐந்தாறு மடங்கு காற்றழுத்தம் அடைபட்டிருப்பதால் அந்தக் காலத்தில் நிலவறையில் புட்டிகள் படார் படாரென்று வெடிக்கும். வேலையாட்கள் முகத்தில் இரும்புக் கம்பி வலை கட்டிக்கொண்டுதான் உள்ளே போவார்கள். அப்படிப்பட்ட தொழில் அது.

1814இல் நெப்போலியன் வீழ்ந்தார். தடைகள் முறையாக நீங்கும்வரை மற்ற வியாபாரிகள் காத்திருந்தார்கள். இந்த அம்மாள் காத்திருக்கவில்லை. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட புட்டிகளைக் கப்பலேற்றி ரகசியமாக, ருஷ்யாவுக்கு வாசலாக இருந்த கோனிக்ஸ்பெர்க் துறைமுகத்துக்கு அனுப்பினார். வால்நட்சத்திரம் தெரிந்த 1811ஆம் ஆண்டின் அறுவடை அது. கப்பல் மூழ்கியிருந்தால் அவரும் மூழ்கியிருப்பார். மூழ்கவில்லை. ருஷ்யர்கள் போட்டி போட்டு வாங்கினார்கள்.

அத்தோடு நிற்கவில்லை. ஷாம்பெயினில் நுரை எழுப்பும் ஈஸ்ட் செத்து அடியில் வண்டலாகத் தங்கும், புட்டி கலங்கிப்போகும். ஒரு மேசையில் துளை போடச் செய்து, புட்டிகளைத் தலைகீழாகச் செருகி, நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினால் வண்டல் முழுக்கக் கழுத்துக்கு வந்து சேரும், ஒரே அடியில் வெளியேற்றிவிடலாம் என்று 1816 வாக்கில் தன் ஆட்களோடு சேர்ந்து கண்டறிந்தார். இன்றைக்கும் தெளிந்த ஷாம்பெயின் கிடைப்பது அந்தத் தலைகீழ் வைத்தியத்தால்தான்.

இப்போது அந்தப் புட்டியின் மேல் ஒட்டியிருக்கும் பெயரைப் பாருங்கள். 'வேவ் கிளிக்கோ'. வேவ் என்றால் கைம்பெண். நம் ஊரில் நல்ல காரியத்துக்குக் கிளம்பும்போது கைம்பெண் எதிரே வந்தால் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போகச் சொன்னவர்கள் நம் பாட்டன்மார். அங்கே மணமேடையில், மணநாள் கொண்டாட்டத்தில், 'கைம்பெண்' என்று பெரிதாக எழுதிய புட்டியைத் திறந்துதான் புதுமணத் தம்பதியை வாழ்த்துகிறார்கள்! ஊர் ஒதுக்கிவைக்கப் பயன்படுத்திய சொல்லை ஒரு பெண் வியாபாரச் சின்னமாக்கி, தன் 88 வயதுவரை வாழ்ந்து, 1866இல் கண்மூடினார். அவரிடம் இருந்ததில் எது உங்களிடம் குறைகிறது? பிரெஞ்சு உச்சரிப்பா?

உச்சரிப்பைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி உண்டு. முதல்முறை பயணச்சீட்டு வாங்கப் போனபோது, எழுத்தைப் பார்த்து "ரீம்ஸ்" என்றேன். உள்ளே இருந்தவருக்குப் புரியவில்லை. "ரெய்ம்ஸ்" என்றேன். பின்னால் வரிசை நெளிந்தது. கடைசியில் தாளில் எழுதிக் காட்டினேன். "ஆ, ரேன்ஸ்!" என்றார் மூக்கால். சீட்டு கிடைத்தது. பூமி பிளந்து என்னை விழுங்கவில்லை. வரிசையில் நின்ற ஒருவருக்கும் இன்று என் முகம் ஞாபகமிருக்காது.

அந்த நாட்டில் பயப்பட வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: போன்ஷூர் சொல்ல மறப்பது. கடையானாலும் அரண்மனையானாலும், உள்ளே நுழைந்ததும் முதலில் வணக்கம் சொல்ல வேண்டும். சொல்லாமல் நேரே விஷயத்துக்குப் போனால் முகம் சுளிப்பார்கள். அதை நம் தோலைப் பார்த்துச் சுளித்ததாக நினைத்து நாம் சுருங்கிப்போகிறோம். சில இடங்களில் அதுவும் இருக்கலாம், மறுக்கமாட்டேன். பெரும்பாலும் வணக்கம் விட்டுப்போனதுதான் காரணம்.

அடுத்த பயம் ஒயின் பட்டியல். தடித்த புத்தகம் போலக் கொண்டுவந்து வைப்பார்கள். பார்த்ததும் கணக்குப் பரீட்சை ஞாபகம் வரும். 2001இல் வெளியான ஓர் ஆய்வைச் சொல்கிறேன், தெம்பாக இருக்கும். போர்தோவில் ஒயின் கலையையே பாடமாகப் படிக்கும் 54 பேருக்கு, வெள்ளை ஒயினில் மணமில்லாத சிவப்புச் சாயத்தைக் கலந்து கொடுத்தார்கள். அவர்களோ சிவப்பு ஒயினுக்கு உரிய சொற்களை வாரி வழங்கி அதை வருணித்தார்கள். படித்தவர்கள் கதி இது! ஆகவே தெரிந்த மாதிரி நடிக்காதீர்கள். ஒயின் பரிமாறுபவரை அழைத்து, "எங்களுக்கு இதில் பழக்கமில்லை. இந்த அளவு விலையில் நீங்களே ஒன்று சொல்லுங்கள்" என்று பட்டியலில் ஒரு விலைமேல் விரலை வையுங்கள். அந்த விரல் போதும். உடன் வந்தவருக்கும் தொகை தெரியாது, பரிமாறுபவருக்கும் புரிந்துவிடும். முதலில் ஒரு மடக்கு ஊற்றிக் கொடுப்பது உங்கள் ரசனையைச் சோதிக்க அல்ல. தக்கை கெட்டு நாற்றம் அடிக்கிறதா என்று பார்க்க. தண்ணீருக்குக் காசு கொடுக்கவும் வேண்டாம். "யூன் கராஃப் தோ" என்றால் குழாய்த் தண்ணீர் குடுவையில் இலவசமாக வரும். கேட்பது உங்கள் உரிமை.

ஒயின் சுவைக்கும் இடங்களில் துப்புவதற்கென்றே ஒரு பாத்திரம் வைத்திருப்பார்கள். தொழில் தெரிந்தவர்கள் எல்லோரும் துப்புகிறார்கள். குடித்தே தீரவேண்டும் என்று எவரும் கட்டாயப்படுத்துவதில்லை. கார் ஓட்டப் போகிறவர் துப்பியே ஆகவேண்டும். ஒரு லிட்டர் இரத்தத்தில் 0.5 கிராம்தான் அங்கே வரம்பு. என்னைக் கேட்டால் காரே வேண்டாம். ரேன்ஸிலிருந்து எப்பர்னே ஊருக்கு உள்ளூர் ரயில் அரைமணியில் போகிறது. அங்கே ஷாம்பெயின் அவென்யூ என்ற தெருவில் நடந்தால், காலுக்கடியில் கிலோமீட்டர் கணக்கில் நிலவறைகள். பக்கத்தில் ஓவில்லே கிராமத் தேவாலயத்தில், ஷாம்பெயின் புட்டியில் பெயர் காணும் தோம் பெரிஞோன் துறவி அடங்கியிருக்கிறார்.

திட்டம் போடுகிறேன் பேர்வழி என்று ஐந்து நாளில் ஷாம்பெயின், பர்கண்டி, போர்தோ மூன்றையும் அடைக்காதீர்கள்! அது நவக்கிரகத் தலச் சுற்றுலா மாதிரி ஆகிவிடும். பேருந்தும் பெட்டியும்தான் ஞாபகத்தில் நிற்கும். காதலுக்கு ஒரே ஊர் போதும். ஐந்து இரவில் மூன்றை ஒரு கிராமத்துத் திராட்சை விவசாயி வீட்டு அறையில் கழியுங்கள். அந்த வட்டாரத்தில் தாங்களே பயிரிட்டுத் தாங்களே புட்டியில் அடைக்கும் குடும்பங்கள் நிறைய; அவர்கள் புட்டியில் 'ஆர்.எம்.' என்று சின்னதாக அச்சிட்டிருக்கும். மீதி இரண்டு இரவை மட்டும் பெரிய ஹோட்டலுக்கு ஒதுக்குங்கள். வார நாளாக இருந்தால் விலை இறங்கும். அந்த இடத்தின் மதிய உணவு பெரும்பாலும் இரவு விருந்தைவிட மலிவு. சமைப்பது அதே அடுப்பு. சென்னையிலிருந்து கிளம்புகிறவர்கள் ஷெங்கன் விசாவுக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம்.

அண்ணை கடைசியில் போனார். ஷாத்தோ லே கிரேயேர் என்று ரேன்ஸில் ஒரு மாளிகை. 7 ஹெக்டேர் பூங்காவுக்கு நடுவே நிற்கிறது. அதுவும் ஒரு கைம்பெண் எழுப்பிய சொத்தின் தொடர்ச்சிதான். 1858இல் கணவரை இழந்து தொழிலுக்கு வந்த லூயீஸ் பொம்மெரியின் மகளுக்காகக் கட்டியது. நம் ஆள் தங்கினது வேறிடம். ஒருவேளை சாப்பாட்டுக்கு மட்டும் அந்தப் பூங்காவுக்குள் இருக்கும் எளிமையான பிராசரி உணவகத்துக்கு அக்காவை அழைத்துப் போனார். ஷாம்பெயின் வந்தது. கை பழக்கம் விடுமா? கோப்பையைக் காம்பில் பிடித்து, வெளிச்சத்துக்குத் தூக்கி, சுற்றித் திருப்பிப் பார்த்தார். பரிமாறிய இளைஞன் பதறிப்போய், "ஏதும் கறையா மிஸ்யூ?" என்று ஓடிவந்தான். "இல்லைத் தம்பி, நல்லாக் கழுவியிருக்கினம். நான் 19 வருசம் இதைத்தான் கழுவினனான்" என்று பிரெஞ்சில் சொன்னாராம். அந்தப் பையன் ஒரு கணம் நின்றுவிட்டு உள்ளே போய்ச் சொல்லியிருக்கிறான். சமையலறையிலிருந்து கோப்பை கழுவுகிற ஆளே வெளியே வந்து கைகொடுத்துவிட்டுப் போனார்.

மறுநாள் இருவரும் பொம்மெரி நிலவறைக்குப் போனார்கள். ரோமானியர் காலத்தில் சுண்ணாம்புக்கல் வெட்டிய பள்ளங்களை வாங்கி, ஒன்றோடொன்று இணைத்து, 18 கிலோமீட்டர் நீளத்துக்கு ஷாம்பெயின் வீதியாக்கினார் அந்த அம்மாள். கீழே எப்போதும் 10 பாகை குளிர். 116 படி இறங்க வேண்டும். அண்ணை தன் கம்பளிச் சட்டையைக் கழற்றி அக்காவின் தோளில் போட்டாராம். இருபத்தைந்து வருசத்தில் அப்படிச் செய்தது அதுதான் முதல்முறை என்று அக்கா என்னிடம் தனியாகச் சொன்னார். சுற்றி முடித்து, திரும்பவும் அந்தப் படிகளுக்கு முன்னால் வந்து நின்றபோது, முட்டியைத் தடவிக்கொண்டே, "உதெல்லாம் சரி. மேல ஏற லிஃப்ட் ஏதும் இருக்கோ எண்டு கேளுங்கோவன்" என்றிருக்கிறார்.

அண்ணை வழிகாட்டிப் பெண்ணிடம் போனார். "போன்ஷூர்" என்றார். கேட்டார்.