பெரியவர் சொல்லும் அளவுநாடாவும்

ஒருவர் சொன்ன சொல்லை நம்பி ஒன்றை ஏற்பது அறிவா, அறிவைத் தட்டிக்கழிப்பதா? சமயம் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் யாழ்ப்பாணத்தில் இந்தக் கேள்வி இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறது. ஆகமம் சொல்லிவிட்டது, பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள், இனி ஆராய என்ன இருக்கிறது என்பது ஒரு கட்சி. கண்ணால் காணாத எதையும் ஏற்கமாட்டேன் என்பது மறு கட்சி. சைவ சித்தாந்தம் இவ்விரண்டையும் ஏற்கவில்லை. 13ஆம் நூற்றாண்டில் சிவஞான சித்தியாரை இயற்றிய அருணந்தி சிவாசாரியார், தன் கொள்கையைச் சொல்லும் சுபக்கப் பகுதியில் இறைவன் உண்டென்று நிறுவப் புகுமுன், எதைக் கொண்டு ஒன்றை அறிகிறோம் என்பதை ஆராய்கிறார். பிறர் பத்து வரை எண்ணிய அளவைகளை, அதாவது அறியும் வழிகளை, காட்சி, கருதல், உரை என்ற மூன்றில் அடக்குகிறார். இந்த நூலுக்கு விளக்கவுரை எழுதிய அறுவரில் ஒருவர் நம் திருநெல்வேலியில் பிறந்து, போர்த்துக்கேயர் காலத்தில் ஊரைவிட்டு வெளியேறி, சிதம்பரத்தில் வாழ்ந்த ஞானப்பிரகாச முனிவர். ஆகவே இது எங்கோ நடந்த விவாதம் அல்ல, இந்த மண்ணுக்கும் உரியது. மூன்று அளவைகளுக்கும் தனித்தனி எல்லை உண்டு, ஒன்றின் எல்லைக்குள் மற்றொன்றை நுழைய விடுவதிலிருந்தே பிழை தொடங்குகிறது என்பது என் வாதம். பழைய தர்க்க நூல்கள் மலையில் எழும் புகையையும் குயவன் வனையும் குடத்தையும் வைத்து இதை விளக்கின. நான் லமினேற் தரையை எடுத்துக்கொள்கிறேன். அளப்பது, ஊகிப்பது, பிறர் சொல்லை நம்புவது ஆகிய மூன்றும் அந்த ஒரே வேலையில் கூடுகின்றன.

சாணியால் மெழுகிய மண் தரையும், காவி கலந்து மினுக்கிய சிவப்புச் சீமெந்துத் தரையும், பின்னர் வந்த மாபிளும் ரைல்ஸும் நமக்குப் பழகியவை. அவற்றைத் தலைமுறை தலைமுறையாகக் கண்டறிந்த கைகள் ஊரில் உண்டு. லமினேற் அப்படியல்ல. 1977இல் சுவீடனில் பேர்ஸ்டோர்ப் நிறுவனம் உருவாக்கிய பொருள் அது. மரநாரை அழுத்திச் செய்த பலகை, அதன்மேல் மரத்தின் படம் அச்சிட்ட தாள், அதற்குமேல் தேயாத மெலமைன் படலம். அதைத் தரையில் ஒட்டுவதில்லை, ஆணி அடிப்பதில்லை. மெல்லிய நுரைவிரிப்பின்மேல் பலகைகள் ஒன்றோடொன்று கொளுவி மிதந்தபடி கிடக்கும். ஈரக்காற்றில் விரிந்தும் உலர்காற்றில் சுருங்கியும் அசையும். அதனால்தான் சுவரோரம் 8 முதல் 10 மில்லிமீற்றர் இடைவெளி விடச் சொல்கிறார்கள். பெட்டியைப் பிரிக்காமல் 48 மணிநேரம் அறையிலேயே வைத்திருக்கச் சொல்வதும் அதனால்தான்.

முதலில் காட்சி. 12 அடி நீளம், 10 அடி அகலம் உள்ள அறை என்று வைத்துக்கொள்வோம். 120 சதுர அடி, கழிவுக்குப் பத்து வீதம் கூட்டி 132 என்று வாய்க்கணக்கு சொல்லும். ஆனால் அறை நேராக இருக்கிறதா என்பதை அந்தக் கணக்கு கேட்பதில்லை. மூலைக்கு மூலை நாடா பிடித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஏறத்தாழ 15 அடி 7½ அங்குலம் வரவேண்டும். ஒன்று கூடி மற்றது குறைந்தால் மூலை கோணல், கடைசி வரிசை முழுவதும் சாய்வாக வெட்டப்படும், கழிவு ஏறும். சித்தியார் காட்சிக்கு விதிக்கும் நிபந்தனையும் இதுவே: ஐயமும் திரிவும் நீங்கினால்தான் கண்டது அறிவாகும். ஒருமுறை அளந்தது வெறும் காணல். மாறி அளந்து ஒத்துப்போனதே காட்சி.

அடுத்து கருதல். ஒரு பலகை 138 சென்ரிமீற்றர் நீளம், 19.3 சென்ரிமீற்றர் அகலம், பெட்டிக்கு எட்டுப் பலகை என்றால் ஒரு பெட்டி 2.13 சதுர மீற்றரை, அதாவது ஏறக்குறைய 23 சதுர அடியை மூடும். சுவரோர இடைவெளியைக் கழித்தால் இந்த அறைக்கு 16 வரிசை வேண்டும், கடைசி வரிசை அகலம் குறைந்து வரும். ஒவ்வொரு வரிசையையும் புதுப் பலகையால் தொடங்கினால் வரிசைக்கு மூன்று வீதம் 48 பலகை. முந்தைய வரிசையின் வெட்டுத்துண்டை அடுத்ததன் தொடக்கமாக்கி, 30 சென்ரிமீற்றருக்குக் குறைந்ததை மட்டும் ஒதுக்கினால், மூன்று வரிசைக்கு எட்டுப் பலகை என்று போய் 43இல் வேலை முடியும். ஐந்து பெட்டியில் 40 பலகைதான், போதாது. ஆறில் 48, ஐந்து பலகை மிஞ்சும். அந்த ஐந்தும் வீண் அல்ல, பின்னாளில் கீறலுற்ற பலகையை மாற்ற அவைதான் கைகொடுக்கும். இந்த முடிவில் ஒரு பலகையையும் யாரும் இன்னும் கண்ணால் பார்க்கவில்லை. ஆனாலும் பெட்டியை வாங்கக் காசை எடுக்கும் அளவுக்கு அது உறுதியானது. காட்சி மட்டுமே அளவை என்ற உலகாயதரை, பிறர் கொள்கையை மறுக்கும் பரபக்கப் பகுதியின் தொடக்கத்திலேயே அருணந்தியார் மறுக்கிறார். அவர்கள் இந்த அறைக்குப் பெட்டி வாங்குவதாயிருந்தாலும் காணாததைக் கருதித்தான் வாங்கவேண்டும்.

இனி உரை. சிக்கல் இங்கேதான். ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருக்கும் பிள்ளை, எங்கள் வீட்டில் பத்து வருடமாகக் கிடக்கிறது, ஒன்றும் ஆகவில்லை, அம்மாவின் அறைக்கும் போடுங்கள் என்கிறது. அந்தச் சொல் பொய்யல்ல. அன்பும் உண்டு, அனுபவமும் உண்டு. ஆனால் அந்த வீடு குளிர்காலம் முழுவதும் சூடேற்றி உலர்த்தப்படுகிறது. யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கல்லின்மேல் கிடக்கிறது. அந்தக் கல்லின் துளைகளிலும் பிளவுகளிலும்தான் நம் நன்னீர் நிற்கிறது. மழையின் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரை கொட்ட, கிணறு ஏறுகிறது, சீமெந்துத் தரை கீழிருந்து ஈரத்தை உறிஞ்சுகிறது, பழைய சுவர்களின் அடியில் உவர் பூக்கிறது. நாரால் ஆன பலகைக்கு இந்த ஈரம் நஞ்சு. ஓரங்கள் உப்பிவிட்டால் மீண்டும் படியாது. நியாய நூல் உரைக்கு வைக்கும் இலக்கணம், பொருளை நேரே அறிந்து, அறிந்தபடி சொல்ல விரும்புகிறவனின் வாக்கு என்பது. பிள்ளை அறிந்தது அந்த ஊர்த் தரையை, இந்த ஊர்த் தரையை அல்ல. நல்லவர் என்பதால் மட்டும் ஒருவரின் சொல் எல்லாப் பொருளுக்கும் அளவையாகிவிடாது.

அப்படியானால் சொல்லை விட்டு நாமே சோதித்துவிடலாமே என்று கேட்கலாம். சோதனையும் எளிது. 45 சென்ரிமீற்றர் சதுரப் பொலித்தீனைத் தரையில் விரித்து நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் ஒட்டி, 16 மணிநேரம் கழித்துத் தூக்கிப் பார்த்தால் அடியில் வியர்த்திருக்கிறதா, சீமெந்து கறுத்திருக்கிறதா என்று தெரியும். ஆனால் ஆவணியில் வைத்த பொலித்தீன் ஆவணித் தரையைத்தான் காட்டும். மார்கழியில் வளவுக் கிணறு எந்தக் கட்டு வரை ஏறும், எந்த அறையில் அப்போது கால் குளிரும் என்பது ஐம்பது மழைக்காலத்தை அந்த வீட்டில் கழித்த மூதாட்டிக்குத் தெரியும். அவருக்கு லமினேற் என்றால் என்னவென்றே தெரியாமலிருக்கலாம். இந்தக் கேள்வியில் அவரே தக்க சான்று. கண் இன்றைய பொழுதுக்குள் அடைபட்டது, அதற்கு எட்டாத காலத்தை உரையே கொண்டுவந்து தருகிறது. பரிசோதனையை மட்டும் நம்புகிறேன் என்பவர் இந்த இடத்தில்தான் தவறுகிறார்.

ஆகமத்தையும் ஆறு பெட்டிப் பலகையையும் ஒரே தராசில் வைப்பது நிந்தனை என்று சிலர் வருந்தக்கூடும். அந்த வருத்தத்தை மதிக்கிறேன், ஆனால் மரபு அதற்கு இடம் தரவில்லை. நியாய சூத்திரத்துக்குப் பாஷ்யம் எழுதிய வாத்ஸ்யாயனர், நம்பத்தக்கவரின் இலக்கணம் இருடிக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் ஒன்றே என்று தெளிவாகவே கூறுகிறார். உலக வழக்கில் சொல்லை எடைபோடும் முறையே சமயத்திலும் நின்றது. நம் ஞானப்பிரகாசரின் சித்தியார் உரையே இதற்குச் சான்று. அவருக்குப் பின் 18ஆம் நூற்றாண்டில் திருவாவடுதுறைச் சிவஞான முனிவர், அந்த உரையை மறுத்துச் சிவசமவாத உரை மறுப்பு என்ற நூலையே எழுதினார். துறவி, பெரும் புலவர், சைவத்துக்காக ஊரை இழந்தவர் என்ற எந்தத் தகுதியும் ஞானப்பிரகாசரின் சொல்லை ஆராய்ச்சிக்கு அப்பால் நிறுத்தவில்லை. இதைப் படித்துவிட்டு, பெரியவர் சொன்னால் கேள்வி கேட்கக் கூடாது என்பதுதான் சைவம் என்று ஒருவர் எப்படிச் சொல்ல முடியும் என்பது எனக்கு விளங்கவில்லை.

தரை போடும் மேசன் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. முப்பது வருடம் கைவேலை செய்தவரின் கண்மட்டத்தைச் சோதிப்பது அவரை அவமதிப்பதாகாதா? சீமெந்துத் தரையில் அவர் கண்ணே அளவை, அதை மறுப்பவர் முட்டாள். ஆனால் தடித்த சாந்து சிறு மேடுபள்ளத்தை விழுங்கிவிடும். மிதக்கும் பலகை விழுங்காது, மிதிக்கும்போது கிறீச்சிட்டுக் கொளுவி உடையும். இரண்டு மீற்றர் நீள மட்டப்பலகையை வைத்துப் பார்ப்பது அவரைச் சந்தேகிப்பதல்ல. அவர் அறிந்த பொருள் வேறு, வந்திருக்கும் பொருள் வேறு என்பதை இருவரும் சேர்ந்து ஒப்புக்கொள்வதே அது. மூன்றையும் கூட்டிப் பார்த்தால் சில வீடுகளுக்கு விடை 'வேண்டாம்' என்றே வரும். வெள்ளிக்கிழமை வாளியால் நீரூற்றிக் கழுவும் விறாந்தைக்கும், கும்பநீரும் விளக்கெண்ணெயும் சிந்தும் சாமியறைக்கும் இந்தப் பலகை ஆகாது. மாடி அறைக்குத் தாராளமாகப் போடலாம்.

கடைசியாக, சித்தாந்தத்துக்குள்ளிருந்தே ஒரு தடை எழும். இறைவன் உலகை அறியும் பாசஞானத்துக்கும் உயிரை அறியும் பசுஞானத்துக்கும் எட்டாதவன், அவன் அருளால் வரும் பதிஞானம் ஒன்றே அவனைக் காட்டும் என்றிருக்க, இந்த அளவையெல்லாம் எதற்கு? பதிஞானம் பற்றிய அந்த முடிவு உண்மையானதே. ஆனால் அது சித்தியாரின் ஒன்பதாம் சூத்திரத்தில் வருகிறது. அதே ஆசிரியர் அதே நூலில் முதற் சூத்திரத்துக்கும் முன்பாக வைத்திருப்பது அளவையை. அருளின் இடம் எது என்று அறிந்தவர்தான் அளவையை வாசலில் வைத்தார். அவர் வைத்த வரிசையைக் குலைத்து ஒன்பதாவதை முதலில் இழுத்துப் போடுவதற்கு, அவர் நூலை ஏற்றுக்கொண்ட எவருக்கும் உரிமையில்லை.