பரம்பரையா, பராமரிப்பா?



"தோட்டத்துப் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது, அது பரம்பரை." பதுளைக் கடைவீதியிலும், பசறை பஸ்ஸிலும், ஏன், சில வேளைகளில் நம் லயங்களிலும் இச்சொல்லைக் கேட்கிறோம். இது உண்மைதானா? இப்படிச் சொல்வது நியாயந்தானா?

கனடாவில், மொன்றியல் நகரின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மீனி என்பவரும் அவரோடு உழைத்தோரும் எலிகளை ஆராய்ந்தனர். தாய் எலிகளுள் சில, தம் குட்டிகளை அடிக்கடி நக்கிக் கொடுக்கும். சில அவ்வளவாக நக்குவதில்லை. அதிகம் நக்கப்பட்ட குட்டிகளின் மூளையில், நினைவுக்குத் துணைசெய்யும் பகுதியில், நரம்புக் கலங்களிடையே இணைப்புகள் செழித்திருந்தன என்று 2000ஆம் ஆண்டில் எழுதினர். 2004இல் அதற்கும் மேலாக ஒன்றைக் கண்டனர். பதற்றத்தை அடக்க உதவும் ஒரு பரம்பரை அலகின்மீது மெதைல் என்னும் இரசாயனப் பூட்டு விழுகிறது. அதிகம் நக்கப்பட்ட குட்டிகளில் அப்பூட்டுக் குறைவு; ஆகவே அலகு நன்கு வேலை செய்கிறது. அதிகம் நக்காத தாயின் குட்டியை நக்கும் தாயிடம் வளரவிட்டபோது, அது வளர்த்தவளின் குட்டிகளைப் போலவே ஆயிற்று. அலகு மாறவில்லை, அது வேலை செய்த விதமே மாறியது.

எலியும் மனிதனும் ஒன்றல்ல. எலியில் கண்டதை அப்படியே பிள்ளைமேல் ஏற்றலாகாது. ஆயினும், "பரம்பரை" என்ற ஒரே சொல்லால் ஒரு பிள்ளையின் எதிர்காலத்தை மூடிவிட முடியாது என்பது தெளிவு.

"அப்படியானால் குற்றம் தாயுடையதே" என்று சிலர் கூறக்கூடும். பொறுங்கள். சினைக்காலத்தில் வருத்தப்பட்ட தாய் எலி, முன்பு நன்றாக நக்கியதாயினும், பின்பு குறைவாகவே நக்கியது என்று 2006இல் அந்த ஆய்வாளரே எழுதினர். பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு மலையேறி, கொழுந்து நிறுக்கும்வரை நிற்கும் தாய்க்கு அன்பா குறைவு? நேரமல்லவா குறைவு! தாயை வருத்திவிட்டுத் தாயையே குறைகூறுவது நீதியாகுமா?

ஆகவே கடமை பலருடையது. 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தின்பின் மூன்றாம் பிள்ளைக்கும் 84 நாள் பிரசவ விடுமுறை உண்டு. அதைக் கேட்டுப் பெறுவோம். பிள்ளைக் காம்பராவில் பிள்ளையை மடியில் வைத்துப் பேசும் ஒருவர் இருக்கச் செய்வோம். மாலையில் தகப்பனும் பிள்ளையைத் தூக்கட்டும்.

இறுதியாக ஒன்று. பரம்பரை அலகு எப்படியிருப்பினும், ஒரு பிள்ளையின் மாண்பு அதில் தங்கியிருப்பதில்லை. படிப்பு ஏறாத பிள்ளையும் நம் பிள்ளையே. அடுத்த முறை அச்சொல் உங்கள் காதில் விழும்போது, வாசகரே, மௌனமாய் இருப்பீர்களா?