பொறுமையும் கிருமியும்

ஆசிரியர் கலாசாலையில் கற்ற ஒரு வாக்கியத்தை இருபது வருடங்களாக வகுப்பில் சொல்லி வந்தேன்: "குடியிருக்கும் உடலைக் கொன்றால் கிருமியும் அழியும். ஆகவே காலப்போக்கில் எந்தக் கிருமியும் சாதுவாகிவிடும்." ஒருநாள் மாணவி ஒருத்தி எழுந்து, "சேர், அது கிருமிக்குத் தெரியுமா?" என்றாள். வகுப்பு சிரித்தது. நான் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

அவுஸ்திரேலியாவில் பெருகிவிட்ட ஐரோப்பிய முயல்களை ஒழிக்க 1950இல் மிக்சோமா வைரசைப் பரப்பினார்கள். தென்னமெரிக்கக் காட்டு முயலுக்குத் தோலில் ஒரு கட்டியை மட்டும் தரும் அது, இந்த முயல்களில் நூற்றுக்கு 99ஐக் கொன்றது. அதைப் பெரும்பாலும் காவியது நுளம்பு. சீக்கிரம் செத்த முயலிலிருந்து நுளம்புக்குக் கிடைத்தது கொஞ்சம். சீக்கிரம் குணமானதிலிருந்தும் கொஞ்சம். புண்ணோடு நாட்கணக்கில் இழுத்துக்கிடந்த முயலே கிருமிக்கு வாய்ப்பானது. சில வருடங்களில், 70 முதல் 95 வீதம் வரை கொல்லும் வகைகளே மிகுந்திருப்பதை பிராங்க் பென்னர் முதலானோர் கண்டார்கள். இதையா சாது என்பது?

கதை அங்கேயும் முடியவில்லை. தலைமுறைகள் செல்ல முயல்களுக்கு எதிர்ப்புச் சக்தி வளர்ந்தது. தாங்கும் உடலில் மென்மையான வைரசு பரவ முடியாது, கடுமையானதே பரவும். 1990களில் எடுத்த சில வகைகளை எதிர்ப்பில்லாத ஆய்வுகூட முயல்களுக்கு ஏற்றியபோது, அவற்றின் நோயெதிர்ப்பே குலைந்து அவை மாண்டன.

இதைப் படித்த இரவு எனக்கு உறக்கமில்லை. பல வருடங்களுக்கு முன் ஒரு மாணவனின் தாய், கன்றிய முகத்தை முந்தானையால் மறைத்தபடி என்னிடம் வந்தார். "பொறுத்துப் போங்க தங்கச்சி, காலம் அவரைத் திருத்தும்" என்றேன். படித்தவன் சொல்கிறானென்று அவர் திரும்பிப் போனார். என் வாக்கியத்தைத்தான் வேறு சொற்களில் சொல்லியிருக்கிறேன்.

கிருமியிடமிருந்து ஒழுக்கம் கற்க முடியாது என்பதை அறிவேன். அதற்குக் குரூரமுமில்லை, இரக்கமுமில்லை. பரவும் வழி எதுவோ அதுவே அதன் கடுமையைத் தீர்மானிக்கிறது. மனிதன் அப்படியல்ல, அவனால் நிறுத்த முடியும். அதனால்தான் அவன் குற்றவாளியாகிறான். ஆனால் கொடுமை தானாகவே தணியும் என்பதற்கு இயற்கையைச் சாட்சிக்கு அழைக்கும் உரிமை எனக்கில்லை. தாங்குபவர் தாங்கிக்கொண்டிருப்பதால் மட்டும் எதுவும் தணிவதில்லை. பொறுமை நற்குணந்தான், அடிபடாதவன் அடிபடுபவருக்கு அதை உபதேசிப்பது வேறு விடயம்.

வகுப்பில் அந்த வாக்கியத்தைத் திருத்திவிட்டேன். அந்தத் தாயிடம் இன்னும் போகவில்லை.