உத்தியோக உடையும் இறையச்சமும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



நம் விருத்தாசலம் பீங்கானுக்குப் பேர்போன ஊர். நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரியை எடுக்கும்போது கிடைக்கும் வெண்களிமண் இவ்வூர்த் தொழிலுக்கு ஆதாரமாக நின்றது. அந்தக் களிமண்ணில் கைவைத்துப் பிழைத்த குடும்பங்களின் பிள்ளைகள் இன்று படித்துப் பட்டம் பெற்று, சென்னைக்கும் பெங்களூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் உத்தியோகம் தேடிப் போகிறார்கள். போகும் முன்னே வீட்டில் ஒரு பேச்சு எழுகிறது. கோட்டும் டையும் கட்டாயமில்லை, ஆனால் கைலியும் டீ ஷர்ட்டும் ஆகாது. காலர் வைத்த சட்டை, பேண்ட், ஷூ என்று ஒழுங்காக வரவேண்டும் என்கிறது அலுவலகம். பேண்ட் போட்டால் பேணுதல் போய்விடுமோ என்று பாட்டனார் கவலைப்படுகிறார். உடையில் என்ன மார்க்கம் இருக்கிறது என்று பேரன் கேட்கிறான். இருவருக்கும் ஷரீஅத் என்ன பதில் சொல்கிறது என்று பார்ப்போம்.

முதலில் பாட்டனாருக்கு. முஃகீரா இப்னு ஷுஃபா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு செய்தி புகாரி ஷரீஃபில் இருக்கிறது. ஒரு பயணத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஷாம் நாட்டு ஜுப்பா ஒன்றை அணிந்திருந்தார்கள். ஒளுச் செய்ய முனைந்தபோது அதன் கை இறுக்கமாக இருந்தது. மேலே சுருட்ட முடியவில்லை. உடனே ஜுப்பாவின் அடிப்பக்கமாகக் கைகளை வெளியே எடுத்துக் கழுவி ஒளுவை நிறைவேற்றினார்கள். அன்று ஷாம், ரோமருடைய ஆட்சியில் இருந்த நாடு. அந்நாட்டுத் துணியும் தையலும் நம் நாயகத்திற்கு ஆகுமாயிருந்தன. பிற மதத்தாரின் வழிபாட்டு அடையாளமாக உள்ள உடையையே நாம் தவிர்க்கவேண்டும். எல்லா மதத்தாரும் வேலைக்குப் போட்டுச் செல்லும் சட்டையும் பேண்ட்டும் அந்த வகையில் சேராது.

இனிப் பேரனுக்கு. அதே செய்தியில் அவனுக்கும் பாடம் உண்டு. உடை இறுக்கமாயிற்று என்று நாயகம் (ஸல்) அவர்கள் ஒளுவைத் தள்ளிப்போடவில்லை. இன்றோ சட்டையின் இஸ்திரி கலையும், பேண்ட்டின் மடிப்பு போகும், கால் நனைந்தால் ஷூ போடமுடியாது என்று லுஹரையும் அஸரையும் களாவாக்கிவிட்டு இரவில் வீடு திரும்பும் வாலிபர்கள் எத்தனை பேர்! அலுவலகம் கேட்டது ஒழுங்கான உடையை மட்டும்தான். தொழுகையை விட்டது நாம்.

ஆகவே துணி எடுக்கும்போதே தொழுகையை நினைத்து எடுக்கவேண்டும். ஆணின் அவ்ரத் தொப்புளுக்கும் முழங்காலுக்கும் இடைப்பட்ட பகுதி. இடுப்புக்குக் கீழே இறங்கி நிற்கும் பேண்ட்டும் குட்டைச் சட்டையும் போட்டு ஸஜ்தாச் செய்தால், பின்பக்கம் சட்டை ஏறி உடல் தெரிகிறது. ஷாஃபிஈ மத்ஹபில் அவ்ரத் வெளிப்பட்டு உடனே மறைக்கப்படாவிட்டால் தொழுகை முறிந்துவிடும். ஹனஃபி மத்ஹபில் அந்த உறுப்பின் கால்பங்கு, மூன்று தஸ்பீஹ் சொல்லும் நேரம் திறந்திருந்தால் முறிந்துவிடும். பரிகாரம் எளிது. இடுப்பில் உயர்ந்து நிற்கும் தளர்ந்த பேண்ட், உள்ளே செருகிய நீளமான பனியன், கணுக்காலுக்கு மேலே நிறுத்திய தையல். தையற்காரரிடம் ஒரு சொல் சொன்னால் போதும். டை கட்ட நேர்ந்தால் பட்டு டை வேண்டாம். பட்டும் தங்கமும் நம் சமுதாயத்து ஆண்களுக்கு ஹராம்.

சகோதரிகளுக்கும் இதே அளவுகோல்தான். உடல் மறைய வேண்டும், துணியூடே தெரியக்கூடாது, உடலோடு ஒட்டி அங்கத்தைக் காட்டக்கூடாது. இவை மூன்றும் நிறைவேறி, தலையும் மூடியிருந்தால், அதன் நிறமும் தையலும் அலுவலகத்திற்கு ஏற்றபடி இருப்பதில் குற்றமில்லை.

நம் நாட்டு உடைக்கும் இடமில்லாமல் போகவில்லை. 2014-இல் சென்னையில் ஒரு கிளப்புக்கு வேட்டி உடுத்திச் சென்ற உயர்நீதிமன்ற நீதிபதி உள்ளே விடப்படவில்லை. அதே ஆண்டில், பொது இடங்களில் வேட்டியோ வேறு இந்தியப் பாரம்பரிய உடையோ அணிந்தவரைத் தடுக்கக்கூடாது என்று தமிழ்நாடு சட்டம் இயற்றியது. 2019-இல் தலைமைச் செயலக ஊழியருக்கு வந்த அரசாணையும் ஆண்களுக்குப் பேண்ட் சட்டையோடு வேட்டியையும், பெண்களுக்குச் சேலையோடு துப்பட்டா அணிந்த சுடிதாரையும் அனுமதித்தது. கண்ணியத்திற்கு ஒரே தையல்தான் என்று அரசும் சொல்லவில்லை.

அன்பர்களே! இதுவரை சொன்னது உடலின் உடை. இதைவிடப் பெரிய ஆபத்து உள்ளத்தில் இருக்கிறது.

அணுவளவு பெருமை உள்ளவனும் சுவனம் புகமாட்டான் என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்தபோது ஒருவர் கேட்டார்: தம் ஆடையும் செருப்பும் அழகாக இருக்கவேண்டும் என்று ஒரு மனிதர் விரும்புகிறாரே, அது பெருமையாகுமா? அல்லாஹ் அழகன், அழகை விரும்புகிறான் என்றும், சத்தியத்தை மறுப்பதும் மக்களை இழிவாக எண்ணுவதுமே பெருமை என்றும் பெருமானார் (ஸல்) அவர்கள் விளக்கினார்கள். முஸ்லிம் ஷரீஃபில் வரும் செய்தி இது.

இந்த அளவுகோலை நம் வீட்டில் வைத்துப் பார்ப்போம். சூளையில் வெந்து, களிமண் தூசி படிந்த சட்டையோடு உழைத்த தந்தை, மகனைப் பார்க்க அலுவலக வாசலில் வந்து நிற்கிறார். உடன் வேலை பார்ப்பவர்கள் யாரென்று கேட்க, ஊர்க்காரர் என்று சொல்லி மகன் ஒதுங்குகிறான். அவன் போட்டிருக்கும் சட்டையில் ஹராமான நூல் ஒன்றும் இல்லை. ஆயினும் அதை அணிந்த நெஞ்சில் கிப்ர் குடியேறிவிட்டது. அந்தத் தூசிபடிந்த சட்டையல்லவா இந்த வெள்ளைச் சட்டையை வாங்கித் தந்தது! அவ்வாறே, பேண்ட் போட்டு ஸஃப்பில் வந்து நிற்கும் வாலிபனை ஈமான் குறைந்தவன் என்று பார்வையாலே ஒதுக்கும் பெரியவரும், தம் நீண்ட ஜுப்பாவுக்குள் அதே நோயை மறைத்து வைத்திருக்கிறார்.

பீங்கான் வேலை தெரிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மேலே பூசும் கிளேஸ் வீண் அலங்காரம் இல்லை. நீர் ஊறாமல் பாத்திரத்தைக் காக்கிறது. ஆனால் மண்ணும் பூச்சும் ஒத்துச் சுருங்காவிட்டால் ஆறும்போது பூச்சில் மயிரிழை வெடிப்பு ஓடிவிடும். உடையும் உள்ளமும் அப்படித்தான். மானத்தை மறைக்கவும் அலங்காரமாகவும் ஆடையைத் தந்த ரப்பு, இறையச்சம் என்னும் ஆடையே மேலானது என்று அஃராஃப் அத்தியாயத்தின் 26-ஆம் வசனத்தில் நினைவூட்டுகிறான்.

எனவே பெற்றோர்களே, பிள்ளையை உத்தியோகத்திற்கு அனுப்பும்போது நல்ல உடை வாங்கிக்கொடுங்கள், கடன்பட்டு வாங்காதீர்கள். பெட்டியில் ஒரு தொழுகை விரிப்பையும் வையுங்கள். பிள்ளைகளே, முதல் சம்பளத்தில் உங்களுக்குச் சட்டை எடுக்கும்போது தந்தைக்கும் ஒன்று எடுங்கள். அவர் உங்கள் அலுவலக வாசலுக்கு வந்தால், எழுந்து போய்க் கையைப் பிடித்து அழைத்துவந்து, இவர் என் அத்தா என்று எல்லாரிடமும் சொல்லுங்கள்.

வல்ல நாயன் நம் ஆடையையும் அகத்தையும் ஒருசேர அழகாக்கித் தருவானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.