தொடும் கைக்கு என்ன மரியாதை?



எந்தத் தொழிலும் இழிவல்ல என்று மேடையில் நாம் எல்லோரும் சொல்வோம். அந்தக் கேள்வி நம் வீட்டுக்குள் வரும்போது என்ன சொல்கிறோம்? எங்கள் வீட்டுக்கு அது சென்ற ஆண்டு வந்தது.

கல்லூரி முடித்து மூன்று வருடம் கம்ப்யூட்டர் வேலை பார்த்த எங்கள் மகள், ஒரு நாள் இரவுச் சாப்பாட்டின்போது, "அப்பா, அம்மா, நான் மசாஜ் தெரபிஸ்ட் ஆகப் போகிறேன்" என்றாள். ஃபிசியோதெரபிஸ்ட் என்றிருந்தால் மகிழ்ந்திருப்போம். "கண்டவர் உடம்பைப் பிடித்துவிடவா இவ்வளவு படித்தாய்?" என்று கேட்டுவிட்டோம். இத்தொழிலின் பெயரைக் கெடுக்கும் இடங்கள் பல ஊர்களில் உண்டு. அந்தப் பயம் நியாயமானது. ஆனால் அதைவிட எங்களை வாட்டியது, இங்கே ஃபிரிஸ்கோவில், கோவிலில் நாலு பேர் கேட்டால் என்ன சொல்வது என்பதுதான். "ஹெல்த்கேரில் இருக்கிறாள்" என்று சொல்லிவிடலாம் என்றும் பேசி வைத்தோம்.

மகள் கோபப்படவில்லை. டெக்ஸாஸில் உரிமம் பெறக் குறைந்தது 500 மணி நேரப் பயிற்சி வேண்டும். பிறகு தேர்வும் விரல் ரேகைச் சோதனையும் உண்டு என்றாள். எலும்பு, தசை, நரம்பு இவற்றோடு, யாரை எப்போது தொடக்கூடாது என்பதும் பாடம். சம்மதம் கேட்டு, உடலைத் துணியால் போர்த்தி, தேவையான இடத்தை மட்டும் தொட வேண்டும். நாங்கள் பயந்த இடங்களுக்கும் இவள் படிக்கும் தொழிலுக்கும் உள்ள வேற்றுமை இந்தக் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது.

சரி, தொடுவதால் உண்மையில் நன்மை உண்டா? 1986-இல் மயாமி பல்கலைக்கழகத்தில் டிஃபனி ஃபீல்ட் என்ற உளவியலாளரும் அவரது குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு நாளுக்கு மூன்று வேளை, வேளைக்கு 15 நிமிடம், 10 நாட்கள் உடலை நீவிவிட்டார்கள். மற்றக் குழந்தைகளைவிட இவர்களுக்கு 47 சதவிகிதம் அதிகமாக எடை கூடியது. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்து 2021-இல் வெளியான இன்னோர் ஆய்வில், மிகக் குறைந்த எடையுடன் பிறந்த குழந்தைகளைப் பிறந்தவுடனேயே தாயின் மார்போடு தோல்படச் சேர்த்து வைத்தபோது, முதல் 28 நாட்களில் நேரும் மரணம் 25 சதவிகிதம் குறைந்தது. தொடுதல் மருந்துக்கு மாற்று அன்று. எல்லா நோயையும் அது தீர்க்காது. ஆனால் அது வெறும் சுகமும் அன்று.

இது நமக்குப் புதிதா? சித்த மருத்துவத்தில் தொக்கணம் என்றே ஒரு சிகிச்சை முறை இருக்கிறது. தட்டல், பிடித்தல், அழுத்தல், இழுத்தல் என்று அதில் ஒன்பது வகை சொல்வார்கள். சனிக்கிழமை எண்ணெய்க் குளியலும், நீட்டிய கால்களில் குழந்தையைக் கிடத்தி எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவதும் நாம் அறிந்தவைதானே.

அப்படியானால் எங்கள் வெட்கம் எங்கிருந்து வந்தது? யோசித்தபோது, கும்பகோணம் பக்கத்தில் நாங்கள் வளர்ந்த கிராமம் நினைவுக்கு வந்தது. அங்கே பிரசவம் பார்த்ததும், பிள்ளைகளைக் குளிப்பாட்டியதும் நாவிதர் குடும்பத்து மூதாட்டி ஒருவர். மருத்துவச்சி என்று பெயர். ஆனால் வருவது கொல்லை வழியாக. எங்கள் பாட்டி வயதுள்ள அவரைச் சிறு பிள்ளைகளான நாங்களும் "நீ, வா" என்றே கூப்பிட்டோம். பிறந்த சிசுவை முதலில் தொட்டவர் அவர். ஆனால் அவர் காபி குடித்த டம்ளரை வீட்டில் வேறு யாரும் தொடமாட்டார்கள். அது கொல்லையில் தனியாகக் கவிழ்ந்திருக்கும்.

அவர் தொடுவது நமக்கு வேண்டியிருந்தது. அவரை நமக்குச் சமமாக வைக்க மனம் வரவில்லை. தீண்டாமையை 1950-இலேயே நமது அரசியல் சட்டம் ஒழித்தது. அதன் மிச்சம் ஃபிரிஸ்கோவில் எங்கள் சாப்பாட்டு மேஜை வரை வந்திருந்தது. மகளின் எதிர்காலம் பற்றிய கவலை என்று நாங்கள் நினைத்ததில் பாதிக்குமேல் இதுதான்.

சேவாகிராமத்தில் தொழுநோயால் துன்புற்ற பர்சுரே சாஸ்திரி என்ற சம்ஸ்கிருத பண்டிதருக்கு மகாத்மா காந்தி தம் கையாலேயே உடம்பு பிடித்துவிட்டார். அந்தப் புகைப்படத்தைப் பார்த்து நாம் கைகூப்புகிறோம். அதே வேலையை நம் பெண் செய்தால் தலைகுனிகிறோம். கைகூப்பியது உண்மையென்றால் தலைகுனிவதற்கு என்ன காரணம் இருக்க முடியும்?

மகள் இந்த வருடம் உரிமம் பெற்றுவிட்டாள். போன மாதம் பிரசாத வரிசையில் ஒருவர், "பெண் என்ன செய்கிறாள்?" என்று கேட்டார். "மசாஜ் தெரபிஸ்ட்" என்றோம். சொல்லும்போது எங்கள் குரல் சற்றுத் தாழ்ந்தது என்பதை மறைக்கவில்லை. அடுத்த முறை தாழாது.

அந்த மருத்துவச்சியின் பெயரை நாங்கள் கேட்டதே இல்லை. வாசகர்களே, உங்களையும் ஒருவர் தொட்டுக் குளிப்பாட்டி, பிடித்துவிட்டு வளர்த்திருப்பார். அவர் பெயர் தெரிந்தால் இன்றே உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.