வகுப்பறையின் அமைதி யாருக்காக?

ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் இளம் ஆசிரியர்கள் பலர் முதன்முறையாக வகுப்பறைக்குள் அடியெடுத்து வைக்கின்றனர். பாடம் அவர்களுக்குத் தெரியும். பாடக்குறிப்பு எழுதவும் அறிவர். ஆயினும் நாற்பது, ஐம்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினால் என்ன செய்வது? கல்வியியல் கல்லூரி இதை முழுமையாகக் கற்றுத் தந்துவிட இயலாது. அந்த முதல் வாரத்தில் ஆசிரியர் அறையில் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் ஒன்றே: "முதல் பருவம் முடியும்வரை சிரிக்காதீர்கள். ஒருவனை அடக்கிக் காட்டுங்கள். மற்றவர்கள் தாமே அடங்கிவிடுவார்கள்." இவ்வழி பலன் தருவதை நாம் மறுப்பதற்கில்லை. பலன் தருவதெல்லாம் அறமாகிவிடுமா என்பதே நம் வினா.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ஒழுங்கற்ற வகுப்பு அன்பின் அடையாளமன்று. இரைச்சல் மிகுந்த வகுப்பில் மிகுதியாக இழப்பவன் யார்? தனிப்பயிற்சிக்குச் செல்ல வசதியுள்ள மாணவன் அல்லன். வீட்டில் எழுத்தறிந்தார் எவருமின்றிப் பள்ளியை மட்டுமே நம்பி வரும் பிள்ளையே. அப்பிள்ளைக்கு ஆசிரியர் செலுத்த வேண்டிய கடன்களுள் வகுப்பின் ஒழுங்கும் ஒன்று. எனவே அமைதி வேண்டுமா, வேண்டாவா என்பது கேள்வியன்று. அது யாருக்காக, எவ்வழியில் பெறப்படுகிறது என்பதே கேள்வி.

புனித அகுஸ்தினார் தம் 'ஒப்புதல்கள்' நூலின் முதற்பகுதியில் பள்ளிப் பருவத்தை நினைவுகூர்கின்றார். அடி விழக்கூடாதென்று சிறுவனாகிய அவர் இறைவனிடம் மன்றாடினார். பெரியவர்களோ அவர் பட்ட அடிகளைக் கண்டு நகைத்தனர். கட்டாயப்படுத்தாமல் விட்டிருந்தால் தாம் கற்றிருக்க மாட்டார் என்பதையும் அவர் மறைக்கவில்லை. ஆயினும் மொழியைக் கற்பதில் அச்சம் கலந்த கட்டாயத்தைவிடத் தடையற்ற ஆர்வமே வலிமை மிக்கது என்று தம் பட்டறிவால் கண்டுரைக்கின்றார். ஆயராகி முதிர்ந்த அறிவு பெற்ற பின்பும் அச்சிறுவனின் அச்சத்தை அவர் சிறிதென எண்ணவில்லை என்பது நாம் கருதத்தக்கது.

அச்சம் உதட்டை மூடும், உள்ளத்தைத் திறவாது. ஆசிரியர் ஐந்து நிமிடம் வெளியே செல்லும்பொழுது, வகுப்புத் தலைவன் கரும்பலகையில் பேசியவர்களின் பெயர்களை எழுதத் தொடங்குகின்றானே, அப்பட்டியல் எதைக் காட்டுகிறது? ஆசிரியரோடு சேர்ந்து அமைதியும் வெளியேறிவிட்டது என்பதைத்தான். இயேசு மறைநூல் அறிஞரைப் போலன்றி அதிகாரத்தோடு கற்பித்தார் என்று மாற்கு நற்செய்தியாளர் எழுதுகின்றார். அவர் சொல்லக் கேட்டோர் வியந்தனர், அஞ்சி ஒடுங்கவில்லை. அதிகாரத்தைக் குறிக்கும் 'ஆக்தோரித்தாஸ்' என்னும் இலத்தீன் சொல், 'வளரச் செய்தல்' எனப் பொருள்படும் வினையடியிலிருந்து பிறந்தது. தனக்குக் கீழிருப்போரை வளர்க்காத அதிகாரம் தன் பெயருக்கே பொருந்தாது.

2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டம், அதன் 17ஆம் பிரிவில், உடல் தண்டனையோடு மனத்துன்புறுத்தலையும் தடை செய்துள்ளது. பிரம்பை வைத்துவிட்டு நாவைப் பிரம்பாக்கிக்கொள்வோர்க்கும் அச்சட்டம் பொருந்தும். ஆயினும் சட்டம் எல்லையைக் காட்டுமேயன்றி வழியைக் காட்டாது. வழி எங்கே?

புனித தொன் போஸ்கோ 1877இல் எழுதிய சிறு கட்டுரையில் இருவகைக் கல்வி முறைகளை வேறுபடுத்தினார். ஒன்று, குற்றம் நிகழ்ந்தபின் தண்டிப்பது. மற்றொன்று, குற்றம் நிகழாதவாறு உடனிருந்து காப்பது. பின்னதைத் தேர்ந்துகொண்ட அவர், அறிவு, சமயம், கனிந்த அன்பு ஆகிய மூன்றையும் அதன் தூண்களாக்கினார். 1906இல் தஞ்சாவூருக்கு வந்த சலேசிய சபையினர் வழியாக இம்முறை நம் மண்ணிலும் வேரூன்றியது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து, 1970இல், ஜேக்கப் கௌனின் என்னும் அமெரிக்க உளவியலாளர் வகுப்பறைகளை ஆராய்ந்து வேறொரு வாயிலாக இதே இடத்திற்கு வந்து சேர்ந்தார். வகுப்பை நன்கு நடத்துவோரும் நடத்தத் தெரியாதோரும் குறும்பு நிகழ்ந்தபின் அதனைக் கண்டிக்கும் முறையில் பெரிதும் வேறுபடவில்லை. குறும்புக்கு முன் செய்தவற்றிலேயே வேறுபட்டனர். வகுப்பு முழுவதும் பார்வையில் இருந்தது. ஒரு பணியிலிருந்து மறு பணிக்குச் செல்கையில் வெற்று நேரம் விழவில்லை.

இவற்றை வெறும் உத்திகள் என எண்ணலாகாது. முதல் வாரத்திலேயே எல்லாருடைய பெயர்களையும் கற்றுக்கொள்வது, கடைசி வரிசைப் பிள்ளையும் ஓர் ஆள் என ஏற்பதாகும். பாடத்தை முன்னரே ஆயத்தம் செய்வது, பிள்ளைகளின் நேரத்தை மதிப்பதாகும். விதிகளைச் சிலவாக வகுத்து, எல்லார்க்கும் ஒன்றுபோல் கடைப்பிடிப்பது நீதியாகும். நல்லாசிரியரை நிலம், மலை, நிறைகோல், மலர் ஆகியவற்றோடு ஒப்பிடும் நன்னூல், துலாக்கோலைச் சேர்த்தது இதற்காகவே. தவறு செய்த சகோதரரைத் தனியே கண்டு திருத்தச் சொல்கின்றது மத்தேயு நற்செய்தியின் 18ஆம் அதிகாரம். பலர் முன் நாணச் செய்வதற்கு அங்கு முதலிடம் இல்லை. ஒருவன் சீழ்க்கையடித்ததற்காக வகுப்பு முழுவதையும் நிற்கவைக்கும் வழக்கத்தையும் எண்ணிப் பார்ப்போம். தீயவரோடு நேர்மையாளரையும் அழிப்பீரோ என்று ஆபிரகாம் ஆண்டவரிடமே வழக்காடினார். நிற்கும் பிள்ளைகளும் அதே கேள்வியைத்தான் கேட்கின்றனர், வாய் திறவாமல்.

இம்முறைக்குக் காலம் வேண்டும். அச்சம் ஒரு நாளில் அமைதி தரும்; நம்பிக்கைக்கு ஒரு பருவமாவது ஆகும். தம் பேச்சு தமக்கே சலிப்பூட்டுகிறது என்று முறையிட்ட தேயோகிராத்தியாஸ் என்னும் கார்த்தேஜ் திருத்தொண்டர்க்கு அகுஸ்தினார் ஒரு நூலையே விடையாக எழுதினார். கற்பிப்பவரின் மகிழ்ச்சியே கேட்பவரை ஈர்க்கும் என்பது அதன் மையம். சிரிக்காதிருக்கச் சொல்லும் அறிவுரைக்கு இதைவிட நல்ல மறுமொழி இல்லை.

அவ்வாறாயின் பள்ளிகளை நடத்தும் தாளாளர்களுக்கும் தலைமையாசிரியர்களுக்கும் இங்கே ஒரு கடமை உண்டு. தாழ்வாரத்தில் நடந்து செல்கையில் எந்த வகுப்பு ஓசையின்றி இருக்கிறதோ அதன் ஆசிரியரே திறமையாளர் என்று மதிப்பிடும் வரையில், இளம் ஆசிரியர் பிரம்பையோ சுடுசொல்லையோ நாடவே செய்வார். அவரை அச்சுறுத்திவிட்டு, 'பிள்ளைகளை அச்சுறுத்தாதீர்' என்று சொல்ல நமக்கு என்ன உரிமை? மூடிய கதவுக்கு வெளியே நின்று அமைதியை அளப்பதை விடுத்து, உள்ளே சென்று கடைசி வரிசையில் சிறிது நேரம் அமர்வோம். அங்குள்ள பிள்ளை கேள்வி கேட்கத் துணிகின்றதா என்று பார்ப்போம்.