சீட்டு விழாத யோசேப்பு

யூதாசின் வெற்றிடத்துக்கு இருவர் நிறுத்தப்பட்டனர்: பர்சபா எனப்பட்ட யோசேப்பும் மத்தியாவும். இருவருமே யோவானின் திருமுழுக்குக் காலந்தொட்டு ஆண்டவரோடு திரிந்தவர்கள். சீட்டு மத்தியாவுக்கு விழுந்தது. யோசேப்பிடம் குறை கண்டதாக அப்போஸ்தலர் பணி நூல் ஒரு சொல்லும் சொல்லவில்லை. இடம் ஒன்று, ஆட்கள் இருவர், அவ்வளவுதான்.

அன்புப் பிள்ளைகளே, பல் மருத்துவம் மயிரிழையில் தவறியதென்று வீட்டு மூலையில் முடங்கியிருக்கும் உங்களுக்கே இந்த யோசேப்பைக் காட்டுகிறேன். பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் நாடளாவிய திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களுக்கும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகின்றன. ஒரு மாவட்டத்தில் பேராதனைப் பல் மருத்துவ பீடத்துக்குப் போதுமான இசட் புள்ளி இன்னொரு மாவட்டத்தில் போதாமற் போகிறது. அந்த முறை நியாயமா என்பது வேறு வழக்கு. வெட்டுப்புள்ளி இடங்களைப் பங்கிடுகிறது, பிள்ளையை அளக்கவில்லை.

தெரிவானவர் பதியாது விட்டால் வெற்றிடம் அடுத்தவருக்கு வரும். அதுவரை காத்திருப்பது கொடுமைதான். தொலைபேசி மணிக்கெல்லாம் அடுப்படியிலிருந்து ஓடிவரும் தாய்மாரை நான் அறிவேன். உயர்தரப் பரீட்சைக்கு மூன்று தடவை தோற்றலாம். பிள்ளை மனதார விரும்பினால் எழுதட்டும். ஊருக்கு முகங்கொடுக்க முடியாத பெற்றோருக்காக எழுதவேண்டாம். பெற்றோரே, "பக்கத்து வீட்டுப் பிள்ளை எடுபட்டிட்டுது" என்ற பேச்சை இன்றோடு விடுங்கள்.

சீட்டு விழுந்தபின் யோசேப்பு எங்கே போனார் என்று எழுதப்படவில்லை. ஆனால் பெந்தகோஸ்து நாளில் அக்கினி நாவுகள் கூடியிருந்த ஒவ்வொருவர்மேலும் இறங்கின. அவரும் அந்த வீட்டில்தான் இருந்திருப்பார்.